கலைவிழாவுக்கு ஏற்ற மாதம் எது?

இலங்கையின் மலையகத்தில் பிள்ளைகளின் மேடைக்காலம் ஒக்டோபர் 1 ஆம் திகதி, சிறுவர் தினத்தோடு தொடங்குகிறது. 6 ஆம் திகதி ஆசிரியர் தினம். அந்த நாட்களையொட்டியே நவராத்திரி வந்து, பாடசாலைகளிலும் தேயிலைத் தோட்டத்துக் கோயில்களிலும் வாணி விழா நடக்கும். தீபாவளி கழிந்ததும் முன்பள்ளிகளின் கலைவிழாக்கள் வரிசையாக வரும். அவை ஓய்வதற்குள் டிசம்பரில் கிறிஸ்மஸை ஒட்டிய ஒளி விழா வந்துவிடும். சிறுவர் தினத்தில் பட்டாம்பூச்சியாகவும் வாணி விழாவில் சரசுவதியாகவும் ஒளி விழாவில் ஆட்டிடையனாகவும் நின்ற அதே பிள்ளை, கடைசியில் எங்களிடம் ஒத்திகைக்கு வந்து சேரும்போது, வேடம் என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எங்களிடம் என்று நான் சொல்வது, ஹட்டனுக்கு அருகே ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இயங்கும் ஒரு சிறுவர் கலைக்கூடத்தை. வார நாட்களில் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் நான், ஞாயிறுகளில் அங்கே நாடக வகுப்பை நடத்துகிறேன். பரதம், வாய்ப்பாட்டு, மிருதங்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தரம் ஒன்றில் படிக்கும் குழந்தைகள் முதல் தரம் பதினொன்றின் முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் பிள்ளைகள் வரை வருகிறார்கள். நகரத்துக் கடைக்காரர்களின் பிள்ளைகளும் ஆசிரியர்களின் பிள்ளைகளும் கொஞ்சம் பேர். மற்றவர்கள் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, கொட்டகலை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள். ஆண்டு விழா டிசம்பரில் நடக்க வேண்டும் என்பது கலைக்கூடம் தொடங்கிய நாளிலிருந்தே இருந்துவரும் வழக்கம். பாடசாலை ஆண்டு டிசம்பரில் முடிகிறது, ஆகவே விழாவும் டிசம்பரில் என்பதற்கு மேல் அதற்கு ஒரு காரணத்தை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை ஆசிரியர் கூட்டத்தில் துண்டுதுண்டாகச் சொல்ல முடிந்ததே தவிர முழுமையாகச் சொல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், மேடைக்காலம் ஒரு வகுப்பை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வாணி விழா முடிந்த மறு ஞாயிறே வகுப்பு என்பது ஒத்திகையாக மாறிவிடுகிறது. அதுவரை அரைமண்டியில் இருந்து, பரதத்தின் அடிப்படை அடிகளான தட்டடவையும் நாட்டடவையும் மூன்று காலத்திலும் செய்துகொண்டிருந்த சிறுமிகள், அவற்றை விட்டுவிட்டு ஒரு புஷ்பாஞ்சலியையோ ஒரு குழு நடனத்தையோ உருப்போடத் தொடங்குகிறார்கள். அடவு அரைகுறையாக இருக்கும்போதே உருப்படியைக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, காலில் இல்லாத அழுத்தத்தைக் கையிலும் முகத்திலும் காட்டி ஈடுகட்டப் பழகிவிடுகிறது என்றும், ஜனவரியில் அதை மறக்கச் செய்வதற்கே ஒரு தவணை போய்விடுகிறது என்றும் எங்கள் நடன ஆசிரியை சொல்வார். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்புபவர் அவர். காலில் கணக்குப் பிசகினால் பரீட்சகர் என்ன சொல்வார் என்பது அவருக்குத் தெரியும். அதே ஆசிரியைதான், பெற்றோர் கேட்கிறார்கள் என்பதற்காக, ஆறு வயதுக் குழந்தைகளையும் மேடையில் ஏற்றிவிடுகிறார். அதை முரண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். மாதக் கட்டணத்தில் இயங்கும் ஒரு கலைக்கூடத்தில், ஆண்டு முழுவதும் பிள்ளையை அனுப்பிய தாய்க்குக் காட்டுவதற்கு அந்த ஐந்து நிமிடமே இருக்கிறது.

மேடையில் யார் பிள்ளை முன்வரிசையில் நிற்பது என்ற சண்டையைப் பற்றி நிறைய எழுதலாம்; எழுதினால் எனக்கு வகுப்பு இருக்காது.

இனி டிசம்பரைப் பற்றி. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகலானால் இடியோடு மழை இறங்கும்; டிசம்பரில் மழை சற்று ஓய்ந்தாலும், வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும் மூடுபனியும் ஈரமும் விடுவதில்லை. எங்கள் ஒத்திகை மண்டபத்தின் தரை சீமெந்து. காலை எட்டு மணிக்கு அதில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தைக்குப் பாதம் மரத்துப்போகும், மரத்துப்போன பாதத்தால் தட்டினால் ஓசைதான் பெரிதாகக் கேட்குமே தவிர வலி உடனே தெரியாது. மாலையில் வீட்டுக்குப் போன பிறகே குதிகாலும் முழங்காலும் நோகத் தொடங்கும். ஆகவே முதல் அரைமணி நேரம் யாரையும் தட்ட விடுவதில்லை. மண்டபத்தைச் சுற்றி நடக்கவும், ஓடவும், கை கோத்து வட்டமாக ஆடவும் செய்கிறோம். நேரம் போகிறதே என்று சில பெற்றோர் கதவருகே நின்று முணுமுணுப்பது கேட்கத்தான் செய்யும்.

தோல் வாத்தியங்களுக்கும் இதே கதிதான். ஈரம் ஏறிய தோல் தளர்ந்துவிடும், தளர்ந்த தோலில் சுருதி நிற்காது. மிருதங்கத்தை மின்குமிழின் அருகே வைத்துச் சமாளிக்கலாம். தப்பு என்னும் பறையை அப்படிச் சமாளிக்க முடியாது, நெருப்பில் காய்ச்சியே ஆக வேண்டும். தோட்டத்தில் என்றால் தேயிலைச் செடிகளில் கவ்வாத்து வெட்டிய மிலாறு, அதாவது சுள்ளி, குவிந்து கிடக்கும். அதில் ஒரு கை அள்ளிப் பற்றவைத்தால் போதும். நகரத்து மண்டபத்தின் பின்புறம் மழையில் நனைந்துகொண்டு, பழைய பத்திரிகைத்தாளை எரித்துத் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தால், மண்டபப் பொறுப்பாளர் தீயணைக்கும் வாளியோடு வந்து நிற்பார். காய்ச்சிய தப்பும் இரண்டு காட்சி தாண்டுவதற்குள் மீண்டும் தொய்ந்துவிடும்.

ஒப்பனை அறையில் தேங்காயெண்ணெய் உறைந்திருக்கும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே இறுகிவிடும் என்பது எங்கள் ஊரில் எந்தத் தாய்க்கும் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை; கொழும்பிலிருந்து வரும் ஒப்பனைக்காரர்களுக்கே அது அதிசயமாக இருக்கிறது. போத்தலை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, அதில் வண்ணப்பொடியைக் குழைத்துப் பூசினால், குளிர்ந்த கன்னத்தில் அது திட்டுத்திட்டாகவே பிடிக்கும். போதாக்குறைக்கு விளக்குக்காரருக்குச் சிவப்பு வெளிச்சத்தின் மேல் தீராத ஆசை. சிவப்பு விளக்கின் கீழே உதட்டுச் சாயமும் ஆல்த்தாவும் காணாமற்போய்விடும், பச்சைச் சேலை கறுப்பாகத் தெரியும். இதை நான் வகுப்பில் வண்ணத்தாளையும் கைவிளக்கையும் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. விளக்குக்காரர் என் மாணவர் அல்லாதபடியால் அவருக்குக் காட்ட முடியவில்லை.

பிறகு பஸ். டிசம்பர் மாதத்து உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைப் பருவகாலம் தொடங்கிவிடும். ஹட்டன் ரயில் நிலையத்தில் இறங்கும் யாத்திரிகர்கள் நல்லதண்ணி பஸ்களை நிறைக்க, சனி ஞாயிறுகளில் நகரமே நெரியும். மஸ்கெலியாப் பக்கம் போகவேண்டிய பிள்ளை, கையில் உடைப் பையும் தலையில் கழற்ற மறந்த நெற்றிச்சுட்டியுமாக, பஸ்ஸில் ஏற இடமில்லாமல் நிற்கும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் முச்சக்கர வண்டிக்கு யார் கொடுப்பது? ஆகவே மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் விழா, பிரதம விருந்தினர் தாமதமாக வந்தால், கடைசி மூன்று நிகழ்ச்சிகளைப் பார்க்க ஆளில்லாமல் முடிகிறது. அந்த மூன்றும் பெரும்பாலும் நாடகமும் கூத்துமாகவே இருக்கும் என்பதை நான் கவனித்தே வருகிறேன்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். மழைக்குக் குடை இருக்கிறது, குளிருக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறது. பொறுக்க முடியாதது, தாய்மாரின் நேரத்தின் மேல் நாங்கள் வைக்கும் பாரம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, ஒரு முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுவதற்கு, தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 கிலோ என்று நிர்ணயம் இருக்கிறது. குறைந்தால் அரைப் பேர். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. மழை பெய்து கொழுந்து தளதளவென்று வரும் மாதங்களில், ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு அழைத்து, பறித்த கிலோவுக்குக் கூலி கொடுப்பார்கள். அதற்குக் கைக்காசு என்று பெயர். எங்கள் ஒத்திகைகள் உச்சத்தில் இருக்கும் ஒக்டோபர், நவம்பர் ஞாயிறுகள், கைக்காசு அதிகமாக விழும் ஞாயிறுகளும் ஆகும்.

“சேர், இன்னிக்குக் கைக்காசு போட்டுட்டாங்க. புள்ளய பக்கத்து வீட்டு அக்காகூட அனுப்புறேன், சாயங்காலம் பஸ்ல ஏத்தி விட்டுருங்க” என்று காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் வரும் குரலை, மேடைக்காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். அந்தத் தாய் தவறவிடுவது ஒத்திகையை மட்டுமன்று. உடை அளவு எடுக்கும் நாள், பெற்றோர் கூட்டம், சலங்கை பூசை எல்லாமே அவளுக்குத் தவறும். வந்து நிற்கும் பெற்றோரின் பிள்ளைக்கு நல்ல அளவில் தைத்த உடையும் முன்வரிசையும் கிடைப்பது யாரும் திட்டமிட்டுச் செய்யும் அநீதி அன்று. அளவு எடுக்கும் நேரத்தில் யார் இருந்தார்களோ அவர்களுக்குச் சரியாகத் தைக்கப்படுகிறது, அவ்வளவே.

பணமும் அப்படியே. தீபாவளிக்குத் தோட்டங்களில் முற்பணம் கொடுப்பார்கள். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். நவம்பரிலும் டிசம்பரிலும் சம்பளச் சீட்டில் அந்தக் கழிவு வந்து நிற்கும்போது, நாங்கள் பரத உடைக்கு வாடகையும் நகைகளுக்கு வாடகையும் ஒப்பனைக்குக் கட்டணமும் கேட்கிறோம். உடை வாடகை மட்டுமே ஒரு நாட்சம்பளத்தை விழுங்கிவிடும். ஒட்டியாணமும் ராக்கொடியும் வங்கியும் சலங்கையும் வேறு. ஜனவரியில் பாடசாலை தொடங்கினால் காலணியும் பையும் வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் விழாவை வைத்தவர் யாராக இருந்தாலும், தோட்டத்துச் சம்பளச் சீட்டைப் பார்த்திராதவராகவே இருக்க வேண்டும்.

மாதத்தைப் பற்றிய இந்த யோசனையை எனக்குள் உறுதிப்படுத்தியவர் ஒரு கூத்து மாஸ்டர். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அவரை மாஸ்டர் தாத்தா என்று அழைப்பார்கள். ஆண்டு விழாவில் பிள்ளைகளைக் கொண்டு, மன்மதனின் கதையான காமன் கூத்தின் சில காட்சிகளைப் போடவேண்டும் என்று கேட்டு அவரிடம் போனேன். பாட்டுகளைச் சொல்லித்தர உடனே சம்மதித்தார். ரதி மதனைத் தடுக்கும் இடத்தையும், தூதன் வரும் இடத்தையும், குறவன் குறத்தி ஆட்டத்தையும் பல ஞாயிறுகள் வந்து கற்பித்தார். காமனைச் சிவன் எரிக்கும் காட்சிக்கு வந்தபோது மட்டும் நிறுத்திவிட்டார்.

“மாசி இல்லாத மாசத்துல காமன எரிக்கக் கூடாது சேர். எரிச்சா எழுப்பணும். எழுப்புறதுக்கு மூணு நாள் வேணும். உங்க மண்டபத்த மூணு நாளைக்குக் குடுப்பாங்களா?”

நான் அதை முதலில் நம்பிக்கை சார்ந்த மறுப்பாகவே எடுத்துக்கொண்டு, எரிக்கும் காட்சி இல்லாமலே அந்த ஆண்டு நிகழ்ச்சியை முடித்தேன். பிறகு யோசிக்க யோசிக்க, அவர் சொன்னது காலத்தைப் பற்றிய ஒரு கணக்கு என்று புரிந்தது. காமன் கூத்தும் பிள்ளைகளையும் இளைஞர்களையும் மேடைக்கு, அதாவது களத்துக்கு, கொண்டுவரும் ஒரு மேடைக்காலமே. மாசி மாதத்து அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் நடப்படும். வேடம் கட்டுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அன்றிலிருந்து இரவுகளில் தப்பு ஒலிக்கப் பாட்டும் ஆட்டமும் நடந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிக்கப்பட்டு, மூன்றாம் நாள் எழுப்பப்படுவான். வேலை நெருக்கடியால் இன்று பல தோட்டங்களில் அதைச் சில நாட்களாகச் சுருக்கிவிட்டார்கள் என்றாலும், வரிசை மாறவில்லை. இந்த ஏற்பாட்டில் ஒத்திகைக்கென்று தனி நாள் கிடையாது. ஒவ்வோர் இரவும் நிகழ்ச்சியாகவும் மறுநாளுக்கான பயிற்சியாகவும் இருக்கிறது. சிறுவன் ஒருவன் முதல் இரவு ஓரத்தில் நின்று பார்க்கிறான், ஐந்தாம் இரவு வட்டத்துக்குள் நுழைந்து பெரியவரின் முதுகுக்குப் பின்னால் அடியை எடுத்துவைக்கிறான், எரிக்கும் இரவில் அவனுக்குப் பாட்டின் பாதி தெரிந்திருக்கிறது. களத்தைச் சுற்றி நாலு புறமும் ஆட்கள் அமர்ந்திருப்பதால் முன்வரிசை என்ற ஒன்றே அங்கே இல்லை. வேலை முடிந்து குளித்துச் சமைத்துவிட்டு வரும் தாய், எந்த இரவு வந்தாலும் தன் பிள்ளையைப் பார்த்துவிடுகிறாள்.

இதைச் சொல்லும்போது கூத்தில் குறையே இல்லை என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரபுப்படி ரதியையும் ஆண்களே கட்டினார்கள். பெண் பிள்ளைகள் நெடுங்காலம் பார்வையாளர்களாகவே இருந்தார்கள். கலைக்கூடத்தில் ரதியைச் சிறுமி ஒருத்திக்குக் கொடுத்தபோது மாஸ்டர் கொஞ்சம் தயங்கினார், அவள் பாடியதைக் கேட்ட பிறகு எதுவும் சொல்லவில்லை. தப்பு விடயத்தில் தயக்கம் இன்னும் ஆழமானது. ஒரு தாய் என்னைத் தனியே அழைத்து, “சேர், அவன் கையில தப்பக் குடுக்காதீங்க. அதுலருந்து வெளிய வரணும்னுதான் இவனப் படிக்க வைக்கிறோம்” என்றார். தப்பு நம் மண்ணின் பெருமை என்று மேடையில் முழங்குபவர்கள், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாருடைய வீட்டுச் சுவரில் அது தொங்கியது என்பதையும், அந்த வீட்டாரை மற்ற வீட்டார் எப்படி நடத்தினார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நான் அந்தத் தாயிடம் வாதாடவில்லை. பையனுக்குத் தாளம் கொடுத்தேன். அதே பையன் மாசியில் தன் தோட்டத்துக் களத்தில் தப்பு அடித்ததை மாஸ்டர் பின்னர் எனக்குச் சொன்னார். களத்தில் அது சாமி காரியம், அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. டிசம்பரில் நகரத்து மண்டபத்தில், பிரதம விருந்தினருக்கு முன்னால், அதே தப்பு ஒரு பிள்ளையின் சாதியைச் சுட்டும் விரலாகிவிடும் என்று அந்தத் தாய் அஞ்சியிருக்கிறார். அந்த அச்சம் நியாயமானது.

இப்போது காலநிலைக்கு வருகிறேன். எங்கள் பக்கமான மேற்குச் சரிவில், திம்புள்ளைப் பகுதி தேயிலைக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை உயர்தரத்துக்குரிய காலம். பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமாக வறண்ட காற்று வீச, கொழுந்து மெதுவாக வளரும். மெதுவாக வளர்வதாலேயே மணமும் சுவையும் கூடுகின்றன. அளவு குறையும், ஏலத்தில் பெயர் கூடும். மாசி இந்தக் காலத்துக்குள் விழுகிறது. மழை இல்லை, தப்பு தொய்வதில்லை, இரவில் வெளியே உட்காரலாம், பாதையில் மண் சரிந்து பஸ் நிற்குமோ என்ற பயம் குறைவு. ஞாயிற்றுக் கைக்காசும் அப்போது அரிது. கூத்தை மாசியில் வைத்ததற்குச் சமயக் காரணம் இருக்கிறது; அந்த வழக்கம் தமிழகத்திலிருந்து மக்களோடு வந்தது. வந்து சேர்ந்த இடத்தின் தேயிலைக் காலத்தோடு அது பொருந்திப்போனது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் அப்படிப் பொருந்தியிருக்கும் ஒன்றைக் கண்முன்னே வைத்துக்கொண்டு, எதனோடும் பொருந்தாத டிசம்பரை நாம் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

இந்த யோசனை மலையகம் முழுவதுக்கும் பொருந்தாது. கிழக்குப் பக்கத்து ஊவாவில் கணக்கே வேறு. தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது வறண்டுவிடுவதால், பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையே வறட்சியும் உயர்தரத் தேயிலையும். வடகிழக்குக் காற்று அவர்களுக்கு மழையைக் கொண்டுவரும் காலம் ஆண்டின் இறுதி. டிசம்பர் எங்களைவிட அவர்களுக்கே கெடுதல். பதுளையில் இருக்கும் நண்பர் ஒருவர், தங்கள் விழாவை ஓகஸ்ட் விடுமுறைக்கு எப்போதோ மாற்றிவிட்டதாகவும், அதற்குக் காரணம் காற்றோ தேயிலையோ அல்ல, மண்டப வாடகை அப்போது குறைவு என்பதே என்றும் சொன்னார்.

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்த எதிர்ப்புகள் சாதாரணமானவை அல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும்; ஓடுவதற்கும் அணிநடைக்கும் தேர்வான பிள்ளைகள் ஞாயிறுகளிலும் மைதானத்தில் நிற்பார்கள். ஆண்டின் நடுப்பகுதியில் வரும் தமிழ்மொழித் தினப் போட்டிக்கான தெரிவுகளும் அதையொட்டித் தொடங்கிவிடும். சாதாரண தரப் பரீட்சை 2020 இலிருந்து சில ஆண்டுகள் டிசம்பரை விட்டு நகர்ந்து எங்கெங்கோ போய்வந்தபடியால், பெரிய பிள்ளைகள் எந்த மாதத்தில் ஓய்வாக இருப்பார்கள் என்று யாராலும் உறுதி கூற முடியாது. விருந்தினர்களாக அழைக்கப்படும் பிரமுகர்கள் ஆண்டிறுதியில் மலையகத்துக்கு வருவதையே விரும்புகிறார்கள் என்றும் ஒருவர் சொன்னார். அந்த ஒரு காரணத்துக்கு நான் செவி கொடுக்கவில்லை. பொன்னாடை போர்த்தும் நேரத்தில் இரண்டு குழு நடனங்களை நடத்திவிடலாம்.

கனமான எதிர்ப்பு நடன ஆசிரியையிடமிருந்து வந்தது. கொழுந்து குறையும் காலத்தில் தாய்மாருக்கு நேரம் இருக்கும் என்று சேர் சொல்கிறார், அப்போது கையில் காசு இருக்குமா என்று கேட்டார். மேலதிகக் கிலோவுக்கான பணம் இல்லை, கைக்காசு இல்லை, சில தோட்டங்களில் வாரத்தில் கிடைக்கும் நாட்களே குறையும். தாய் வந்து பார்ப்பாள், ஆனால் பிள்ளைக்கு உடை எடுக்க அவளிடம் பணம் இருக்காது. அவர் சொன்னது உண்மை. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பாதிப் பதில் ஒன்று உண்டு. கைக்காசு விழும் மாதங்களில், ஒக்டோபரிலிருந்தே, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சிறு தொகையைச் சீட்டுப் போல் கட்டிவந்தால், மாசிக்குள் உடைக்கான பணம் சேர்ந்துவிடும். டிசம்பர் விழாவில் அப்படிச் சேர்க்க அவகாசமே இல்லை. அத்தோடு கூத்துக்கும் நாடகத்துக்கும் வாடகை உடை தேவையில்லை. வீட்டில் இருக்கும் சேலையும் வேட்டியும், அட்டையில் ஒட்டிய வண்ணத்தாள் கிரீடமும் போதும். நிகழ்ச்சி நிரலில் பரதத்தின் பங்கைக் குறைத்துக் கூத்தின் பங்கைக் கூட்டப் பார்க்கிறீர்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கொஞ்சம் அப்படியும்தான்.

ஆண்டிறுதியில் ஒன்றுமே இல்லாவிட்டால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள் என்ற கவலைக்கு, மண்டபமும் மேடையும் உடையும் இல்லாத ஒரு திறந்த வகுப்பை டிசம்பரில் வைப்பது என்று பேசி முடித்தோம். பெற்றோர் சுவரோரம் அமர்வார்கள். பிள்ளைகள் அன்றாடம் செய்யும் அடவுகளையும் சரளி வரிசையையும் குரல் பயிற்சியையும் செய்து காட்டுவார்கள். நடன ஆசிரியைக்கு இதில் மிகுந்த திருப்தி. அடவு நிற்காமல் மாசி வரை போகும், பெற்றோருக்கும் தங்கள் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்பது தெரியும். முதல் வரிசைத் தாய்மார் சிலருக்கு இதில் திருப்தி இல்லை என்று கேள்விப்பட்டேன்.

திகதியைக் குறிக்கும்போது மாஸ்டரையும் அழைத்து உட்காரவைத்தோம். மாசிப் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை என்று நான் எழுதியிருந்ததை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் பிள்ளைகளில் பாதிப்பேர் தங்கள் தங்கள் தோட்டத்துக் காமன் களத்தில் இருப்பார்கள், அவரும் இருப்பார், காமன் எரிந்து எழும்பும் வரை யாரையும் கூப்பிடக் கூடாது என்றார். எழுப்பிய பிறகு வரும் சனிக்கிழமை, காலை பத்து மணிக்குத் தொடக்கம், பொகவந்தலாவை பஸ்ஸுக்கு முன்பே முடிவு என்று கரும்பலகையில் எழுதி, மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. எரிக்கும் காட்சியை அங்கே போடலாமா என்று கேட்டேன். களத்தில் எரித்து எழுப்பிய பிறகு மண்டபத்தில் மறுபடி எரிப்பதற்கு என்ன இருக்கிறது, எழும்பியவனை ரதி காணும் இடத்தைப் போடுங்கள், அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லித்தரவில்லை, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார்.